குழுவில் போய் உட்கார்ந்தால் மனம் ஆறுமா? – வடசென்னை வாசகர்களுக்கு மனநலப் பதில்கள்

சென்ற இதழில், ஆண்கள்மீது ஈர்ப்பு கொண்ட ஓர் இளைஞருக்குப் பதில் எழுதியிருந்தேன். சமூகம் ஏற்க மறுக்கும் அடையாளத்தோடு வாழ்பவர்கள், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் அழுத்தத்தை அன்றாடம் தாங்குகிறார்கள் என்றும், உளவியலில் அதைச் சிறுபான்மை மன அழுத்தம் என்று குறிப்பிடுகிறார்கள் என்றும், ஒத்த அனுபவம் உள்ளவர்கள் கூடும் ஆதரவுக் குழு அதற்கு நல்ல துணையாக இருக்கும் என்றும் அதில் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் கணிசமானவை வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர், பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவை. ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு 22 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அப்பா, அம்மா, தங்கை, ஆயா, நான் என ஐந்து பேரும் ஒரே அறையில் இருக்கிறோம். என் போனை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். லாக் போட்டால் எதற்கு என்று கேட்பார்கள். பள்ளியில் படிக்கும்போதே என் நடையையும் குரலையும் மாற்றிக்கொண்டேன். ஏரியா பையன்கள் கேரம் ஆடும்போது யாரையாவது ‘ஒம்போது’ என்று கிண்டல் செய்தால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பிறகு இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை. என்னை யாரும் அடித்ததில்லை. ஆனாலும் எப்போதும் களைப்பாக இருக்கிறது. நீங்கள் எழுதிய குழுவுக்குப் போனால் என்ன ஆகும்? என்னைப் போலவே கஷ்டப்படுகிற பத்துப் பேரோடு உட்கார்ந்தால் கஷ்டமும் பத்து மடங்கு ஆகாதா? நம் ஏரியா ஆள் யாராவது அங்கே என்னைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? – பெயர் வேண்டாம், வியாசர்பாடி.

பதில்: தம்பி, ‘என்னை யாரும் அடித்ததில்லை’ என்று எழுதிவிட்டு, ‘ஆனாலும் களைப்பாக இருக்கிறது’ என்பதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். அடி விழுந்தவனுக்குத்தான் வலிக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை. எங்கே அடி விழுந்துவிடுமோ என்று ஆண்டுக்கணக்கில் உடம்பையும் மனத்தையும் இறுக்கி வைத்திருப்பதே ஒருவரைச் சாய்த்துவிடப் போதுமானது.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் பணியாற்றும் உளவியல் ஆய்வாளர் இலான் மேயர். நியூயார்க் நகரைச் சேர்ந்த 741 தன்பாலீர்ப்பு ஆண்களிடம் அவர் நடத்திய ஆய்வு 1995ஆம் ஆண்டு வெளியானது. நேரடியாக நடந்த வன்முறையும் பாகுபாடும், ‘எப்போது வேண்டுமானாலும் என்னை ஒதுக்கிவிடுவார்கள்’ என்ற எதிர்பார்ப்பும், ஊர் சொல்லும் இழிவைத் தானே நம்பித் தன்னை வெறுப்பதும் ஆகிய மூன்றுக்கும் மன உளைச்சலோடு தனித்தனியாகவே தொடர்பு இருப்பதை அந்த ஆய்வு காட்டியது. 2003இல் இந்தக் கருத்தை விரித்து எழுதியபோது, மறைத்து வாழ்வதையும் ஒரு தனிச் சுமையாக அவர் சேர்த்துக்கொண்டார். உங்கள் கடிதத்தை இந்த நான்கோடு வைத்துப் பாருங்கள். முதலாவது உங்களுக்கு நேரடியாக நேரவில்லை. மற்ற மூன்றும் அன்றாடம் நேர்ந்துகொண்டிருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அமர ஓர் இடம்கூட இல்லாத வீட்டில், இந்தக் காவலுக்கு இரவு விடுப்பும் கிடையாது. உங்கள் களைப்புக்குக் காரணம் உங்கள் ஈர்ப்பு அல்ல; அதைச் சுற்றி நீங்கள் இரவு பகலாகப் போட்டிருக்கும் காவல்தான் காரணம்.

இனி குழுவில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். நன்றாக நடத்தப்படும் குழுக்களில், வந்த உடனே வாழ்க்கைக் கதையைச் சொல் என்று யாரும் கேட்பதில்லை. வழிநடத்துபவர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அந்த வாரம் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, அந்த நொடியில் மனத்தில் என்ன ஓடியது, உடம்பில் என்ன தெரிந்தது, பிறகு நான் என்ன செய்தேன் என்று நான்கு கட்டங்களில் எழுதச் சொல்வார். உங்கள் கேரம் சம்பவத்தையே எழுதினால் அது இப்படி இருக்கும். முதல் கட்டத்தில்: சனிக்கிழமை மாலை, ஒருவனைக் கிண்டல் செய்தார்கள். இரண்டாவதில்: ‘அடுத்தது நான்தான், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.’ மூன்றாவதில்: வயிறு இறுகியது, விரல் ஸ்ட்ரைக்கரை அழுத்திப் பிடித்தது, காது சூடானது. நான்காவதில்: சிரித்தேன், உடனே எழுந்தால் சந்தேகம் வரும் என்று இன்னும் இரண்டு ஆட்டம் உட்கார்ந்திருந்தேன், இரவு தூங்கவில்லை.

இதை நீங்கள் தனியாக எழுதினாலும் பயன் உண்டு. ஆனால் குழுவில் இதைப் படித்து முடித்ததும், எதிரே இருப்பவர் தன் தாளைப் படிப்பார். அவர் ஆட்டோ ஓட்டுபவராக இருக்கலாம், கல்லூரி மாணவராக இருக்கலாம். சம்பவம் வேறாக இருக்கும், இரண்டாவது கட்டத்தில் இருப்பது மட்டும் ஏறத்தாழ உங்கள் வாக்கியமாகவே இருக்கும். அந்த நொடியில் நிகழ்வதை எந்த ஆலோசகராலும், நான் உட்பட, தனி அறையில் உங்களுக்குத் தர முடியாது. குழுச் சிகிச்சையைப் பற்றி விரிவாக எழுதிய மனநல மருத்துவர் இர்வின் யாலோம், ‘இது எனக்கு மட்டும் நேர்வதில்லை’ என்று தெரியவருவதையே குணமளிக்கும் காரணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். ஆலோசகர் சொல்லும்போது அது ஆறுதல். இன்னொரு வியாசர்பாடிக்காரர் தன் தாளிலிருந்து படிக்கும்போது அது சாட்சி.

அடுத்து, இரண்டாவது கட்டத்தில் எழுதியதில் எது நடந்த உண்மை, எது ஊகம், எது பிறர் நம் மனத்தில் விதைத்தது என்று எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்ப்பார்கள். ‘சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்’ என்பது ஊகம். சிரிக்காமல் காயை அடித்துக்கொண்டிருந்த வேறு யாரையும் அன்று சந்தேகப்பட்டார்களா என்று ஒருவர் கேட்பார். ஆனால் ‘தெரிந்தால் அப்பா வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்’ என்பது பல வீடுகளில் ஊகம் அல்ல. அதைக் கற்பனைப் பயம் என்று சொல்லித் தைரியமூட்டி அனுப்பும் குழு நல்ல குழு அல்ல. எந்தப் பயம் இன்னும் நம்மைக் காப்பாற்றுகிறது, எந்தப் பயம் காலாவதியாகியும் நம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிரித்தறியப் பழகுவதுதான் அங்கே கிடைக்கும் பயிற்சி.

கஷ்டம் பத்து மடங்காகாதா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. அதை நான் தள்ளிவிடப் போவதில்லை. கூடிக் கூடிப் புலம்பியே மனச்சோர்வை வளர்த்துக்கொள்ளும் நட்புகள் உண்டு என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவேதான் ஒரு வடிவத்தோடு நடக்கும் குழுவைத் தேடச் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜான் பச்சாங்கிஸும் அவருடைய குழுவினரும், தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட இளைஞர்களுக்கென்றே, சிந்தனையையும் நடத்தையையும் சீரமைக்கும் முறையில் 10 அமர்வுகள் கொண்ட ஒரு திட்டத்தை வகுத்து, 63 இளைஞர்களிடம் சோதித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமர்வுகளைப் பெற்றவர்களிடம், தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்களைவிட மனச்சோர்வும் மதுப் பிரச்சினையும் பாதுகாப்பற்ற உறவும் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான்; அதுவும் தனித்தனியாக அளிக்கப்பட்ட அமர்வுகள். ஆனால் இதே சிந்தனை முறையைக் குழுவுக்கென அமைத்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்லி கிரெய்க் குழுவினர் எட்டுப் பகுதிகளாக வகுத்த ‘அஃபர்ம்’ திட்டம் அத்தகையது. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வதில் தொடங்கி, எண்ணங்களைக் கவனிப்பது, துணையாக நிற்கக்கூடியவர்களைக் கண்டுபிடிப்பது என்று படிப்படியாகச் செல்லும் இத்தகைய திட்டங்களில் புலம்பலுக்கு இடம் உண்டு. ஆனால் அமர்வு அதோடு முடிந்துவிடுவதில்லை.

ஏரியா ஆள் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்கிறீர்கள். அறைக்குள் பார்ப்பவர் நீங்கள் வந்த அதே காரணத்துக்காக வந்திருப்பவர். உங்களைப் பற்றி வெளியே சொன்னால் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டியவர். இருந்தாலும் தொடக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கூட்டத்தைத் தவிர்த்து, பேருந்திலோ ரயிலிலோ கொஞ்ச தூரம் போய்விட்டு வருவது மனத்துக்கு எளிதாக இருக்கும். 1998ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் இயங்கிவரும் ‘சகோதரன்’ அமைப்பும், 2003இல் தொடங்கி, பின்னர் ‘ஓரினம்’ என்ற பெயரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்கும் தன்னார்வக் குழுவும் இத்தகைய இளைஞர்களோடு நெடுங்காலம் பணியாற்றிய அனுபவம் உள்ளவை. அவர்களிடம் விசாரித்துத் தொடங்குங்கள். போனைப் பொறுத்தவரை, வீட்டில் இருக்கும் நேரத்தில் எதையும் பேசாதீர்கள். தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் பேசுங்கள், பேசியபின் அந்த உரையாடலை அழித்துவிடுங்கள். குழுவுக்குப் போவதற்கு வீட்டில் எதையும் வெளிப்படுத்த வேண்டியதில்லை. எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. அதை அவசரப்படுத்தும் குழுவில் இருக்காதீர்கள்.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்கள் பகுதிக்கு அருகில்தான் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் தொலைவில் இல்லை. தொலைபேசியில் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றிவரும் சினேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

கேள்வி: எனக்கு 25 வயது. கல்லூரியில் ஒரு பெண்ணைக் காதலித்தேன். அது உண்மையான காதல். பிறகு ஓர் ஆணோடு பழகினேன், அதுவும் அப்படியே. ஒரு குழுவுக்குச் சென்றபோது அங்கே ஒருவர், ‘நீ கடைசியில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவாய்’ என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. நான் குழம்பியிருக்கிறேனா? – திருவொற்றியூர் வாசகர்.

பதில்: நீங்கள் குழம்பவில்லை. இரு பாலினத்தவர்மீதும் ஈர்ப்பு ஏற்படுவது ஒரு நிலையான இயல்பு. வேறோர் இடத்துக்குப் போகும் வழியில் உள்ள தங்குமிடம் அல்ல. யாரோடு வாழ்கிறோம் என்பதை வைத்து அது மாறிவிடுவதும் இல்லை.

அந்தக் குழுவில் நடந்தது தவறு. அதை வழிநடத்தியவர் அந்த இடத்திலேயே நிறுத்திப் பேசியிருக்க வேண்டும். வெளியுலகம் உங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று ஒதுக்கும். தன்பாலீர்ப்பாளர்களில் சிலர் உங்களை முழுதாகத் தங்களவர் இல்லை என்று ஒதுக்குவார்கள். இப்படி இரண்டு பக்கமும் கதவு சாத்தப்படுவதால் இருபாலீர்ப்பு கொண்டவர்கள் கூடுதல் தனிமையில் இருக்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வும் பதற்றமும் தன்பாலீர்ப்பாளர்களிடம் காணப்படும் அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ இவர்களிடம் காணப்படுவதாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, ஆறுதல் தேடி வந்த இடத்திலேயே இன்னொரு காயத்தை வாங்கிச் செல்லும்படி யாரையும் விடக் கூடாது.

உங்களைக் கேலி செய்தவருக்கும் ஒரு காயம் இருந்திருக்கலாம். தான் நேசித்த ஒருவர் வீட்டார் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டு போனதை நம் ஊரில் பலரும் அனுபவித்திருக்கிறார்கள். அது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. ஆனால் அதைக் குழுவில் வெளிப்படையாகப் பேசினால் இருவருக்கும் நன்மை உண்டு. வழிநடத்துபவரைத் தனியாகச் சந்தித்து, அன்று நடந்ததையும் அது உங்களை எப்படிப் பாதித்தது என்பதையும் சொல்லுங்கள். அவர் பொறுப்போடு கேட்டால் திரும்பிச் செல்லலாம். ‘விளையாட்டுக்குச் சொன்னது’ என்று தட்டிக்கழித்தால் வேறு குழுவைத் தேடுங்கள். ஒரு குழு சரியில்லை என்பதால் குழு என்ற வழியே சரியில்லை என்றாகிவிடாது.

கேள்வி: ஐயா, நான் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவள். என் மகனுக்கு 20 வயது, கல்லூரியில் படிக்கிறான். அவனுக்குப் பெண்கள்மீது நாட்டம் இல்லை என்று என்னிடம் மட்டும் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. கொழுந்தனார், ஊசி போட்டுச் சரிசெய்யும் டாக்டர் இருக்கிறார் என்கிறார். என் அண்ணன், விவரம் தெரியாமல், தன் மகளைக் கொடுக்கிறேன் என்று பேச்செடுத்திருக்கிறார். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ கூட்டத்துக்குப் போய் வருகிறான். அந்தக் கூட்டம்தான் அவனைக் கெடுத்ததா?

பதில்: அம்மா, கூட்டம் அவரைக் கெடுக்கவில்லை. அவர் அங்கே போனதே, சிறு வயதிலிருந்து யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொல்ல ஓர் இடம் தேடித்தான். அங்கே போய் வந்ததால் கிடைத்த தெம்பில்தான் உங்களிடமும் சொல்லியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் இத்தனை பேர் இருக்கும்போது அவர் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இது நோய் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018இல் இது நோய் அல்ல என்று தெளிவாக அறிவித்தது. நோய் இல்லாதபோது மருந்தும் இல்லை. இதைச் ‘சரிசெய்கிறேன்’ என்று யாரும் முயலக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய ஆணையில் தடை விதித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதைப் பற்றிய புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆணையை எழுதினார். அவ்வளவு பெரிய பொறுப்பில் இருப்பவரே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால், நீங்கள் தெரியாமல் தவிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இத்தகைய ‘மாற்று’ச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. ஆகவே உங்கள் கொழுந்தனார் சொல்லும் டாக்டரிடம் போகவே போகாதீர்கள். அந்த ஊசியால் எந்த நன்மையும் இல்லை, மகனின் நம்பிக்கை போய்விடும்.

கல்யாணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் அண்ணன் மகள் நீங்கள் தூக்கி வளர்த்த பெண்ணாக இருக்கும். தன்னை விரும்ப முடியாத ஒருவரோடு, காரணம் தெரியாமல், தன்னிடம்தான் குறை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே அந்தப் பெண் வாழ வேண்டி வரும். இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையையும் அதில் பணயம் வைக்காதீர்கள். அண்ணனிடம் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ‘படிப்பு முடியட்டும், இப்போது பேச்சு வேண்டாம்’ என்பது போதும்.

உங்களுக்கும் பேச ஆள் வேண்டும். பிள்ளைகள் இப்படிச் சொன்ன பிறகு தவித்து, மெல்ல மெல்லப் புரிந்துகொண்ட பெற்றோர் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ‘ஸ்வீகார்’ என்ற பெற்றோர் குழு இந்திய அளவில் இருக்கிறது. தமிழில் பேசக்கூடிய பெற்றோரை அறிமுகப்படுத்தும்படி ஓரினம் குழுவினரிடம் உங்கள் மகனையே கேட்கச் சொல்லுங்கள். இன்றைக்கு அவரிடம் எதையும் துருவிக் கேட்காதீர்கள். ‘நீ சொன்னது எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் நீ என் பிள்ளை, எங்கும் போய்விடாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு போடுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

கேள்வி: ஆப் மூலம் பழகிய ஒருவர், என் படங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்கிறார். போலீசுக்குப் போனால் என்னைத்தானே பிடிப்பார்கள்? – பெரம்பூர் வாசகர்.

பதில்: பிடிக்க முடியாது. வயது வந்த இருவர் விருப்பத்தோடு உறவு கொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், இத்தகைய உறவைக் குற்றமாக்கிய பழைய 377ஆம் பிரிவே கிடையாது. குற்றவாளி மிரட்டுபவர்தான், மிரட்டிப் பணம் பறிப்பது அதே சட்டத்தின் 308ஆம் பிரிவின்கீழ் வருகிறது. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பார். அவர் அனுப்பியவற்றை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்கள் உள்ளிட்டோரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழக அரசு 2022இல் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்திருக்கிறது. ஆயினும் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல், ஒரு வழக்கறிஞரையோ மேலே குறிப்பிட்ட அமைப்புகளில் ஒன்றைச் சேர்ந்தவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள்; எல்லோரும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம். ஞாயிறு மாலைகளில் கூடிப் பேசுகிறோம். நகரத்தின் மற்ற பகுதிகளில் நடக்கும் கூட்டங்களுக்குப் போயிருக்கிறோம். அங்கே ஆங்கிலம் அதிகம், எங்கள் பேச்சைக் கேட்டாலே எந்த ஏரியா என்று கேட்கிறார்கள். ஆகவே நம் பக்கத்திலேயே ஒரு குழு தொடங்கலாம் என்று நினைக்கிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்? – 28 வயது வாசகர்.

பதில்: தொடங்குங்கள். முதல் கடிதத்துக்குத் தூரமாகப் போகச் சொன்ன நானே இதையும் சொல்கிறேன். தொடக்கத்தில் தூரம் பாதுகாப்பைத் தரும், ஆனால் நாளடைவில் ஒருவருக்குத் தன் ஊரிலேயே, தன் பேச்சிலேயே துணை வேண்டும். வடசென்னை என்றாலே ஒரு மாதிரிப் பார்க்கும் பழக்கம் இந்த நகரத்தில் இருக்கிறது. வேலை கேட்டுப் போகும்போதும், வாடகைக்கு வீடு தேடும்போதும் முகவரியைச் சொன்னதும் எதிரிலிருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்த இளைஞருக்கு, ஈர்ப்பினால் வரும் அழுத்தம் தனியாக வருவதில்லை. சாதி, வருமானம், ஏரியா எல்லாம் அதோடு பின்னிக்கொண்டிருக்கின்றன. அதை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் குழு ஒன்று உங்கள் பக்கத்தில் இருப்பது மிகவும் தேவை.

இடத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கடற்கரையிலும் டீக்கடையிலும் நட்பு வளரும். ஆனால் ஒருவர் அழ வேண்டியிருந்தால் அங்கே அழ முடியாது. கதவு உள்ள, வெளியே பேச்சுக் கேட்காத ஓர் அறை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக இருக்கும் ஒரு டியூஷன் சென்டர், தொண்டு நிறுவன அலுவலகம் போன்றவற்றைக் கேட்டுப் பாருங்கள். வெளியே பலகை வேண்டாம். யாராவது கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும்படி, பொய்யாகவும் இல்லாத, முழுதாகவும் இல்லாத ஒரு பதிலை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘இளைஞர் மனநலக் கூட்டம்’ என்பது உண்மையும்கூட.

பத்துப் பேருக்கு மேல் போனால் அமைதியானவர்கள் பேசவே மாட்டார்கள். வழிநடத்த இருவர் இருப்பது நல்லது. ஒருவர் பேச்சை நகர்த்தும்போது மற்றவர் முகங்களைக் கவனிக்கலாம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களும், விடியற்காலை துறைமுகத்துக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தை அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்ற விதியை ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவரும் ஆலோசகரும் ரகசியம் காக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தால் கட்டுப்பட்டவர்கள். குழுவில் அமர்ந்திருக்கும் நண்பர்களை அப்படிக் கட்டும் சட்டம் எதுவும் இல்லை. உங்களிடம் இருப்பது வாக்கு மட்டுமே. ஆகவே யாரும் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள். படம் எடுக்க அனுமதிக்காதீர்கள். வாட்ஸ்ஆப் குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவருடைய போன் அண்ணன் கையில் சிக்கினால் பத்துப் பேர் மாட்டிக்கொள்வார்கள். நேரத்தையும் இடத்தையும் ஒருவரே மற்றவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்வது பாதுகாப்பு.

18 வயது நிறையாதவர்களைச் சேர்க்காதீர்கள். அவர்களுக்கும் துன்பம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தேவையான பாதுகாப்பும், சட்டம் பெரியவர்கள்மீது வைத்திருக்கும் பொறுப்பும் வேறு. அப்படி யாராவது வந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையும் அறிமுகப்படுத்துங்கள். குடித்துவிட்டு வருபவரை அன்று உள்ளே விடாதீர்கள். அடுத்த வாரம் வரச் சொல்லி, யாராவது ஒருவர் வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். குழுவுக்குள் இருவர் காதல்கொள்வதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் புதிதாக வந்து நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை, வழிநடத்தும் நிலையில் இருப்பவர் நெருங்கக் கூடாது என்பதை எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளாமல், எழுதியே வையுங்கள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிக் கால் மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். வலியைத் திறந்துவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பினால், அந்த ஒற்றை அறையில் அவர்கள் அதைத் தனியாகத்தான் தாங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் புதுச் சம்பவம் எதையும் எடுக்காமல், வரும் வாரத்தில் ஒரே ஒரு சின்னக் காரியமாக எதைச் செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். கிண்டல் நடக்கும்போது சேர்ந்து சிரிக்காமல் தண்ணீர் குடிக்க எழுந்து போவது என்பதுகூட அப்படி ஒரு காரியம்தான். அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குங்கள்.

நீங்கள் ஐவரும் ஆலோசகர்கள் அல்ல. ஆக முயலவும் வேண்டாம். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால், அதை நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. திட்டம் ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அன்று அவரைத் தனியாக விடாமல், ஒருவர் உடன் இருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே முதல் கூட்டத்துக்கு முன்பே ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமைகளில் எத்தனை மணிவரை இயங்குகிறது, இரவில் அவசரம் என்றால் எந்த வாயிலில் போய்க் கேட்க வேண்டும் என்பதை உங்களில் ஒருவர் நேரில் சென்று விசாரித்து, மற்ற நால்வருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.